பெங்களூரில் விட்ச் ஹேசல் வளருமா? வாசல் ஓரத்துக்கு வேறு எந்தச் செடி பொருந்தும்?

பானசவாடித் தோட்டம் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூர் பானசவாடியில் 30×40 சைட்டில் எங்கள் வீடு இருக்கிறது. கேட்டை ஒட்டி, காம்பவுண்டு சுவருக்கு உட்புறமாக, 4 அடி அகலமும் 12 அடி நீளமும் உள்ள ஒரு துண்டு மண்ணைச் சிமெண்டு போடாமல் விட்டு வைத்திருக்கிறோம். கிழக்குப் பார்த்த இடம் என்பதால் காலை வெயில் பதினொரு மணி வரை நன்றாக விழும். அதற்குப் பிறகு பக்கத்துக் கட்டடத்தின் நிழல் வந்துவிடும். வாரத்தில் சில நாள் காவிரித் தண்ணீர் வருகிறது. மற்ற நாள்களில் போர் தண்ணீர்தான். அது மிகவும் உப்பு. தொட்டிகளின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்துவிடுகிறது.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் தங்கையின் வீட்டில் விட்ச் ஹேசல் என்ற புதர்ச்செடி உண்டு. பிப்ரவரியில், ஓர் இலைகூட இல்லாத கிளை முழுவதும் மஞ்சள் ரிப்பனைச் சிறு துண்டுகளாக நறுக்கி ஒட்டியதைப் போலப் பூத்திருப்பதைப் படமெடுத்து அனுப்பினாள். நல்ல மணமும் உண்டாம். டிசம்பரில் ஊருக்கு வரும்போது விதையோ சிறு கன்றோ கொண்டு வருவதாகச் சொல்கிறாள். பெங்களூர் குளிர்ந்த ஊர்தானே, இங்கே அது வளருமா? வளரும் என்றால் எந்த ரகத்தைக் கேட்கலாம்? வளராது என்றால், மார்கழி, தை மாதங்களில் மஞ்சளாகப் பூக்கக்கூடிய, எட்டடிக்கு மேல் போகாத, முடிந்தால் மணமும் உள்ள வேறு செடி எது? வீட்டில் சிறு குழந்தையும் ஒரு நாயும் இருப்பதால் நச்சுச் செடி எதுவும் வேண்டாம். விட்ச் ஹேசல் பட்டையிலிருந்து முகத்தில் தடவும் நீர் எடுப்பார்கள் என்று படித்தேன். அதை வீட்டிலேயே செய்ய முடியுமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

மலைநாட்டான் எழுதுகிறார்:

வணக்கம் அம்மா. வளராது என்பதுதான் நேரான விடை. ஏன் வளராது என்று தெரிந்துகொண்டால், குளிர்நாட்டுச் செடி எதையும் படத்தைப் பார்த்துவிட்டு வாங்கும் செலவு மிச்சமாகும் என்பதால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நீலகிரியில் பல ஆண்டுகள் தோட்டப் பொறுப்பில் இருந்தவன் நான்.

விட்ச் ஹேசல் என்பது ஹமாமெலிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த சில புதர்ச்செடிகளுக்குப் பொதுப்பெயர். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் தானாக வளரும் வர்ஜினியானா, இலை உதிர்கிற அக்டோபர், நவம்பர் மாதங்களில் பூக்கும். ஓசார்க் மலைப்பகுதியைச் சேர்ந்த வெர்னாலிஸ், குளிர்காலத்தின் பிற்பகுதியில் பூக்கும். சீனத்து மொல்லிஸும் ஜப்பானின் ஜபோனிகாவும் கலந்து பிறந்த இன்டர்மீடியா என்னும் கலப்பினங்களே வீட்டுத் தோட்டங்களில் அதிகம் காணப்படுகின்றன. பாஸ்டன் நகரின் ஆர்னால்ட் தாவரத் தோட்டத்தில் உருவான ஆர்னால்ட் பிராமிஸ் மஞ்சளாகவும், ஜெலினா செம்பு நிறத்திலும், டயான் சிவப்பாகவும் பூக்கும். உங்கள் தங்கை வீட்டில் பிப்ரவரியில் பூப்பது பெரும்பாலும் இந்தக் கலப்பினங்களில் ஒன்றாகத்தான் இருக்கும். இவை பத்து முதல் பதினைந்து அடி உயரம் போகும். பக்கவாட்டிலும் ஏறக்குறைய அதே அளவு பரவும். ஆகவே தட்பவெப்பம் ஒத்துழைத்தாலும் உங்கள் நாலடி மண் அதற்குப் போதாது.

தட்பவெப்பம் ஒத்துழைக்கப் போவதும் இல்லை. இலையுதிர்த்து உறங்கும் செடிகளின் மொட்டுகள் மறுபடி விழித்தெழ, நீண்ட குளிர் அவற்றின் மேல் படிந்திருக்க வேண்டும். ஆப்பிள் தோட்டக்காரர்கள் இதனைக் குளிர் மணிநேரம் என்று கணக்கிடுவார்கள்: செடியானது 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் எத்தனை மணி நேரம் இருந்தது என்பதே அந்தக் கணக்கு. பெங்களூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரிதான், அதுவும் 1884ஆம் ஆண்டு ஜனவரியில். அப்படியென்றால் இந்தக் கணக்குப்படி நம் ஊர் ஒரு மணி நேரம்கூடத் தேறாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சென்னையோடு ஒப்பிடும்போது பெங்களூர் குளிர்ச்சியாகத் தோன்றுகிறதே தவிர, ஜனவரி இரவுகளில் இங்கே நிலவும் 15, 16 டிகிரி என்பது நியூ ஜெர்சிச் செடிக்கு வசந்த காலம். உறங்க முடியாத செடி அரைகுறையாகத் துளிர்க்கும், மொட்டு வைக்காது, ஓரிரு ஆண்டுகளில் மெலிந்து போகும். தொட்டியில் வைத்து வேரடியில் பனிக்கட்டி கொட்டலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். குளிர் தேவைப்படுவது மொட்டுக்கு. வேரைக் குளிரவைத்து எந்தப் பயனும் இல்லை.

விதையும் எளிதில் முளைப்பதன்று. இந்தச் செடியில் இந்த ஆண்டுப் பூவின் காய் முற்றுவதற்கு அடுத்த ஆண்டு இலையுதிர்காலம் வந்துவிடும். முற்றிய காய் சத்தத்துடன் வெடித்து விதையைப் பல அடி தூரத்துக்கு வீசும். அந்த விதை முதலில் சில மாதம் வெதுவெதுப்பிலும், பிறகு சில மாதம் குளிரிலும் ஈரமாகக் கிடந்தால்தான் முளைக்கும். பல வேளைகளில் இரண்டு ஆண்டுகள் ஆகும். கலப்பினத்தின் விதையிலிருந்து தாய்ச்செடி போன்ற கன்று வராது என்பதால்தான் அவற்றை வர்ஜினியானா வேர்ச்செடியின் மேல் ஒட்டுக்கட்டி விற்கிறார்கள்.

மிக முக்கியமாக ஒன்று. தங்கையிடம் பெட்டிக்குள் கன்று எதையும் வைத்துக் கொண்டு வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி, உயிருள்ள செடிக்கும் விதைப்புக்கான விதைக்கும் இந்தியாவின் இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். வேரோடு ஒட்டியிருக்கும் மண்ணின் வழியாகப் புதிய நோய் ஒன்று வந்தால் பாதிப்பு உங்கள் தோட்டத்தோடு நின்றுவிடாது.

இலைச்சருகு எழுதுகிறார்:

மலைநாட்டான் ஐயா சொன்னதை முழுவதுமாக ஏற்கிறேன். ஆனாலும் அந்தப் பூவின் வடிவம்தான் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றால், அதே குடும்பத்தைச் சேர்ந்த லோரோபெட்டலம் என்ற செடியை ஒரு முறை வைத்துப் பார்க்கலாம். இதற்கும் நாடா போன்ற நான்கு இதழ்கள் உண்டு. இலை உதிர்க்காத செடி என்பதால் ஆழ்ந்த குளிரை எதிர்பார்க்காது. ஊதா கலந்த செந்நிற இலையும் இளஞ்சிவப்புப் பூவும் கொண்ட வகையே அலங்காரச் செடியாக அதிகம் விற்கப்படுகிறது. பச்சை இலையில் வெள்ளைப் பூ பூப்பதும் உண்டு. மஞ்சள் நிறம் கிடையாது, சொல்லும்படியான மணமும் இல்லை. லால்பாக்கை அடுத்த சித்தாபுரத்து நர்சரிகளில் கேட்டுப் பாருங்கள். குட்டை ரகம் என்று கேட்டு வாங்கினால் நாலடிக்குள் கவாத்து செய்து வைத்துக்கொள்ளலாம்.

விட்ச் ஹேசல் குடும்பத்து மரங்கள் இந்தியாவிலேயே இயற்கையாக உள்ளன என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். காஷ்மீரிலும் அதை ஒட்டிய மேற்கு இமயமலைச் சரிவுகளிலும் பாரோட்டியாப்சிஸ் என்ற சிறுமரமும், டார்ஜிலிங் முதல் வடகிழக்கு மலைகள் வரை எக்ஸ்பக்லாண்டியா என்ற பெருமரமும் வளர்கின்றன. இரண்டுமே நம் வாசலுக்கு உரியவை அல்ல.

லோரோபெட்டலத்துக்குத் தேவை புளிப்புத் தன்மையுள்ள மண். உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்படுத்துவது அந்த வெள்ளைப் படிவுதான். அது போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு. அந்தத் தண்ணீரையே தொடர்ந்து ஊற்றினால் மண் காரத்தன்மை அடைந்து, அதில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாமல் போகும். இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பட்ட பகுதி மஞ்சளாகிவிடும். இதைப் பார்த்ததும் பலர் தழைச்சத்துக் குறைவு என்று எண்ணி யூரியா போடுகிறார்கள். தழைச்சத்துக் குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள்தான் முதலில் மஞ்சளாகும்; இரும்பு குறைந்தால் நுனிக்கொழுந்து முதலில் வெளிறும். இந்த வேறுபாட்டைக் கவனித்துவிட்டு உரப் பொட்டலத்தைத் திறப்பது நல்லது. கீலேட் வடிவ இரும்பை (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும்படி பதப்படுத்திய இரும்புச் சத்து) இலையில் தெளித்தால் உடனடியாகச் சற்றுப் பச்சை திரும்பும். ஆனால் தண்ணீரை மாற்றாத வரை அது தற்காலிகம்தான்.

ஆகவே இதைத் தரையில் வைக்காமல் பெரிய தொட்டியில் வையுங்கள். செம்மண், மட்கிய இலை, தென்னை நார்க்கழிவு மூன்றையும் கலந்து நிரப்பி, மொட்டை மாடியிலிருந்து பிடித்த மழைநீரையும், அது தீர்ந்தால் காவிரித் தண்ணீரையும் மட்டுமே ஊற்றுங்கள். ஹைட்ராஞ்சியா, அசேலியா ஆகியவற்றுக்கும் இதே பத்தியம்தான்.

ஓசூர் சாலை எழுதுகிறார்:

லோரோபெட்டலம் அழகான செடிதான். ஆனால் கேட்டவருக்கு வேண்டியது மஞ்சள் பூ, அதுவும் மார்கழி, தையில். இளஞ்சிவப்புப் பூவுக்காக மழைநீரைப் பிடித்து வைத்துச் சிரமப்படுவானேன்? பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பிலிருந்து ஓசூரைத் தாண்டிக் கிருஷ்ணகிரி வரை ஒரு முறை தை மாதத்தில் போய்விட்டு வாருங்கள். சாலையின் இரு பக்கமும் யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் மஞ்சளாகக் கொட்டிக் கிடப்பது ஆவாரை.

விட்ச் ஹேசலிடம் நீங்கள் எதிர்பார்த்த எல்லாவற்றையும், மணம் ஒன்றைத் தவிர, ஆவாரை தரும். பட்டையில் துவர்ப்பு மிகுந்த டானின் இருக்கிறது. சென்னை மாகாணத்துத் தோல் பதனிடும் தொழில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையை நம்பியே நடந்தது, பிறகுதான் வாட்டில் மரப்பட்டை அதன் இடத்தைப் பிடித்தது. காய்ந்த ஆவாரம்பூ இல்லாத குளியல் பொடி நம் வீடுகளில் அரிது. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் பூக்கத் தொடங்கி, பொங்கலுக்குக் காப்புக் கட்டும் வேளையில் உச்சத்தில் இருக்கும். சேலம், தருமபுரி, கொங்குப் பக்கங்களில் ஆவாரம்பூ, சிறுபீளை, வேப்பிலை மூன்றையும் சேர்த்துத்தான் கூரையில் செருகுவார்கள். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்ற சொலவடை உங்களுக்குத் தெரிந்ததுதான். அதை மருத்துவச் சான்றாக நான் சொல்லவில்லை, அந்தச் செடியோடு நமக்குள்ள பழக்கம் எத்தனை பழையது என்பதற்காகச் சொல்கிறேன்.

உயரம் ஐந்தாறு அடி. நாலடி அகலத்துக்குள் கவாத்து செய்து அடக்கலாம். சுண்ணாம்பு மண், உப்புத் தண்ணீர், சரளை எதற்கும் முகம் சுளிக்காது. தண்ணீர் தேங்குவது மட்டும் ஆகாது. அரை நாள் வெயிலில் பூ கொஞ்சம் குறையும் என்பதை மறைக்க விரும்பவில்லை. முழு வெயில் கிடைத்தால்தான் சாலையோரத்தில் காணும் அந்தக் கொத்துகள் வரும். எனவே உங்கள் மண்ணில் எந்த மூலையில் வெயில் கடைசியாக விலகுகிறதோ அங்கே வையுங்கள்.

பூவை ஒரு காலை வேளையில் அருகில் நின்று பாருங்கள். ஐந்து இதழ்களுக்கு நடுவில் வளைந்து நிற்கும் மகரந்தப் பைகளின் நுனியில் சிறு துளை மட்டுமே இருக்கும், தேன் கிடையாது. பெரிய கருவண்டு ஒன்று வந்து பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமலே உடம்பை அதிரவைத்து உறுமும். அந்த அதிர்வில் துளை வழியாக மகரந்தம் தூளாகக் கொட்டி அதன் வயிற்றில் ஒட்டும். இலையில் பச்சைப் புழுக்கள் தென்பட்டால் மருந்து அடித்துவிடாதீர்கள். வெளிர் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் ஆவாரை, கொன்றை இலைகளில்தான் முட்டையிடுகின்றன; நாலைந்து கிளை மொட்டையானாலும் அடுத்த மழையில் தழைத்துவிடும்.

நர்சரிகளில் இதைத் தேடி அலைய வேண்டாம். காட்டுச்செடி என்று பெரும்பாலோர் வைத்திருப்பதில்லை. இதே பெங்களூர் நர்சரிகளில் மஞ்சள் பூ கேட்டால் பொன்னரளியைக் காட்டுவார்கள். அதன் கொட்டை குழந்தைக்கும் நாய்க்கும் உயிருக்கே ஆபத்து. கேட்டுக்கு அருகில் அதை எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள்.

பானசவாடித் தோட்டம் எழுதுகிறார்:

மூவருக்கும் மிக்க நன்றி. தங்கையிடம் எதுவும் கொண்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆவாரையை வாசலில் வைப்பதற்கு என் மாமியாருக்கும் மிகுந்த மகிழ்ச்சி. இத்தனை நாள் நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த பூவாகத்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். இருந்தாலும், கதவைத் திறந்ததும் மணம் வர வேண்டும் என்ற ஆசையை என்னால் விட முடியவில்லை. 12 அடி நீளத்தில் இன்னொரு செடிக்கு இடம் இருக்கும் என்றே நினைக்கிறேன். மூன்று நாளில் மூன்று நிறம் மாறும் ஒரு செடியைப் பக்கத்துத் தெருவில் பார்த்தேன், மணமும் அருமையாக இருந்தது, அது சரிப்படுமா? சாதிமல்லி, மனோரஞ்சிதம் இவற்றில் எது அரைநிழலுக்குத் தாங்கும்?

கனகாம்பரம் எழுதுகிறார்:

நீங்கள் பார்த்த மூன்று நிறச் செடி புரூன்ஃபெல்சியா. முதல் நாள் கத்தரிப்பூ நிறம், மறுநாள் வெளிர் ஊதா, மூன்றாம் நாள் வெள்ளை. பெங்களூர்க் காற்று அதற்கு மிகவும் ஒத்துப்போகும், அரைநிழலிலும் பூக்கும். ஆனால் அதன் காயும் விதையும் நாய்களுக்குக் கடும் நஞ்சு. தின்ற நாய்க்கு நடுக்கமும் வலிப்பும் வரும். நாய் வளர்க்கும் வீட்டில் அதை வைக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

மனோரஞ்சிதத்தையே நான் பரிந்துரைப்பேன். சீத்தாப்பழக் குடும்பத்தைச் சேர்ந்த இதன் பூவுக்குத் தடித்த, நீண்ட ஆறு இதழ்கள். நீங்கள் விரும்பிய நாடா வடிவத்துக்கு நம் பக்கத்துச் செடிகளில் ஓரளவு நெருங்கி வருவது இதுதான். பூ பச்சையாக மலர்ந்து, இலைக்குள் இலையாக மறைந்து நிற்கும். அப்போது மணமே இருக்காது. சில நாளில் மெல்ல மஞ்சளாகும்போது பழுத்த பழ மணம் மாலையில் தெருமுனை வரை வரும். பூவைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிப்பதற்கு முன்பே மூக்கு கண்டுபிடித்துவிடும். பூக்காம்பையே தூண்டில் முள்ளைப் போல் வளைத்துக்கொண்டு, பக்கத்தில் எது இருந்தாலும் அதைப் பற்றி ஏறுவது இதன் வழக்கம். ஆகவே ஆவாரைக்கு மிக அருகில் வைத்தால் அதன் மேல் ஏறிப் படர்ந்து அமுக்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது ஆறடி விடுங்கள். நீண்டு ஓடும் தண்டுகளை மழைக்கு முன்பாகவும் மழை முடிந்த பிறகும் வெட்டி வந்தால் ஆறடிப் புதராக நிற்கும். விட்டுவிட்டால் முதல் மாடி வரை போகும்.

பாம்பு வரும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். தாழம்பூ, மல்லிகை, மனோரஞ்சிதம் என்று மணக்கிற எல்லாச் செடிக்கும் இந்தப் பழி உண்டு. அடர்ந்த புதரின் அடியில் எலியும் தவளையும் ஒதுங்கினால் அவற்றைத் தேடிப் பாம்பு வரலாம். பூவை முகர வராது. தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குக் கீழ்க்கிளைகளை நீக்கி, சருகைக் குவிய விடாமல் இருந்தால் போதும்.

சாதிமல்லி வேண்டுமென்றால் அரைநிழலில் வளரும், ஆனால் கொடி நீளும், பூ குறையும். மல்லிகை வகைகளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் இருந்தால்தான் மகசூல். மொட்டை மாடியில் பெரிய தொட்டியில் வைத்து, டிசம்பர் கடைசியில் கவாத்து செய்யுங்கள். ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா சுரபி என்ற சாதிமல்லி ரகத்தின் கன்று கிடைத்தால் வாங்குங்கள். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசியும், முல்லைக்கு ஜனவரி கடைசியும் கவாத்துக் காலம். மூன்றையும் ஒரே நாளில் வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. அதனால்தான் ஒன்று பூத்தால் இன்னொன்று பூப்பதில்லை என்று குறைபடுகிறார்கள்.

இரண்டு புதருக்கும் நடுவில் விடும் இடைவெளியை வெறுமையாகப் போட வேண்டாம். டிசம்பர் பூச்செடி இரண்டு வையுங்கள். குச்சியை ஒடித்து நட்டாலே வேர்விடும், ஊதா நிறம் மஞ்சளுக்குப் பக்கத்தில் நன்றாக எடுபடும், மணம் இல்லாவிட்டாலும் மார்கழி முழுவதும் கோலத்துக்கும் கூந்தலுக்கும் பூ கிடைக்கும்.

மலைநாட்டான் எழுதுகிறார்:

முகத்தில் தடவும் நீரைப் பற்றிக் கேட்டதற்கு யாரும் விடை சொல்லவில்லை. கடையில் விட்ச் ஹேசல் என்று விற்கப்படும் தெளிந்த நீர், குளிர்கால இறுதியில் வெட்டிய குச்சிகளையும் பட்டையையும் நீராவியில் வடித்து எடுப்பது. கெடாமலிருக்க ஏறக்குறைய 14 விழுக்காடு ஆல்கஹால் சேர்ப்பார்கள். டானின் ஆவியாகிப் பிரிகிற பொருள் அல்ல என்பதால் வடிநீரில் அது அநேகமாக இருக்காது. தடவியதும் தோல் இறுகுவதுபோல் தோன்றுவதில் ஆல்கஹாலின் பங்கு பெரிது. நம் வீடுகளில் பல தலைமுறையாகப் புழங்கும் பாண்ட்ஸ் நிறுவனமே 1846இல் நியூயார்க் மாநிலத்தில் விட்ச் ஹேசல் சாறு விற்பனையில் தொடங்கியதுதான். கிரீமும் பவுடரும் பிறகு வந்தவை.

வீட்டில் பட்டையைக் கொதிக்கவைத்தால் கிடைப்பது வேறு பொருள்: டானின் மிகுந்த, பழுப்பான கஷாயம். அதில் பாதுகாப்புப் பொருள் எதுவும் இல்லாததால் விரைவில் கெட்டுப்போகும். ஆவாரம்பட்டைக்கும் இதுவே பொருந்தும். மேலும், வளர்ந்துவரும் செடியின் பட்டையைச் சுற்றிலும் உரித்தால் செடியே பட்டுப்போகும். பூவை மட்டும் பறித்து நிழலில் காயவைத்துப் பயன்படுத்துங்கள். அதையும் முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டு போங்கள்.

செம்மண் எழுதுகிறார்:

செடிகள் ஏறக்குறைய முடிவாகிவிட்டபடியால் மண்ணைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பெங்களூர் சைட்டுகளில் காம்பவுண்டு ஓரமாக விட்டு வைத்த மண் என்பது பெரும்பாலும் மண்ணே அல்ல. வீடு கட்டியபோது மிஞ்சிய ஜல்லி, உடைந்த செங்கல், காய்ந்த சிமெண்டுக் கலவை எல்லாவற்றையும் அங்கே தள்ளி, மேலே அரையடி செம்மண்ணைப் பரப்பிவிட்டுப் போயிருப்பார்கள். கடப்பாரையால் ஓரிடத்தில் இரண்டடி தோண்டினால் உண்மை தெரிந்துவிடும். சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருப்பதால் சுவரோர மண் எப்போதும் காரமாகத்தான் இருக்கும். லோரோபெட்டலத்தைத் தரையில் வைக்க வேண்டாம் என்று இலைச்சருகு அவர்கள் சொன்னதற்கு, உங்கள் போர் தண்ணீரைவிட இது இன்னும் வலுவான காரணம்.

மனோரஞ்சிதத்துக்கு இரண்டடிக்கு இரண்டடி குழி எடுத்துக் கட்டடக் கழிவை முழுவதும் நீக்குங்கள். வெளியிலிருந்து வாங்கிய செம்மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மட்கிய தொழு உரமும், இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி வையுங்கள். சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, அந்தப் பக்கத்தில் இருந்தால் அதன் சுவருக்கும் செடிக்கும் குறைந்தது ஐந்தடி இடைவெளி வேண்டும். வேர் ஈரத்தைத் தேடிப் போகும், விரிசல் விழுந்தால் பிறகு செலவு. ஜூன் மழையில் நட்டால் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையிலான பெருமழைக்குள் வேர் பிடித்துவிடும். விதை போட்டுக் காத்திருப்பதைவிடப் பதியம் போட்ட கன்று வாங்குவது நல்லது. விதைக்கன்று பூப்பதற்கு நெடுங்காலம் ஆகும்.

ஆவாரைக்கு இந்த உபசாரம் எதுவும் வேண்டாம். கழிவை நீக்கினால் போதும்; உரம் போட்டால் தழைதான் வரும். இதன் ஆணிவேர் நேராகக் கீழே இறங்கும் என்பதால், சாலையோரத்துச் செடியைப் பிடுங்கி வந்து நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. விதையைத்தான் இருக்க வேண்டிய இடத்திலேயே ஊன்ற வேண்டும். நெற்றுகள் பிப்ரவரி, மார்ச்சில் பழுப்பாகித் தட்டையாகக் காய்ந்து தொங்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் போகிறவர்களிடம் ஒரு பிடி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விதையின் தோல் கடினமானது. அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரை அதன் மேல் ஊற்றி, ஓர் இரவு ஊறவிட்டு, உப்பிய விதைகளை மட்டும் எடுத்து, ஏப்ரல், மே மாத இடிமழை தொடங்கியதும் ஓரிடத்துக்கு நாலைந்தாக அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். முளைத்து ஒரு சாண் வளர்ந்த பின் திடமான ஒன்றை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். வேரோடு பிடுங்கினால் நிற்பதும் ஆடிவிடும்.